16.7 மில்லி விநாடியில் ஒரு ராஜகோபுரம்

"இந்த சிஸ்டத்துல கேம் ஓடுமாப்பா?" கோடை விடுமுறை தொடங்கியதும் திருச்சியில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் மேசையில் இருக்கிறது. பையன் அப்பாவிடம் கேட்கிறான். அப்பா கடைக்காரரிடம் கேட்கிறார். "ஐ5 தானே சார், நல்லாவே ஓடும்" என்று பதில் வருகிறது. 2012-ல் வந்த ஐ5 ப்ராசஸருக்கும் 2022-ல் வந்த ஐ5-க்கும் பெயர் ஒன்றுதான். டெஸ்க்டாப்பில் முன்னதில் பெரும்பாலும் நான்கு கோர், நான்கு த்ரெட். பின்னதில் பல மாடல்களில் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பெயரை மட்டும் வைத்துச் சொல்லும் பதிலை நம்பிப் பணம் செலவழித்து, கடைசியில் தேவையில்லாத பாகத்தை மாற்றிவிட்டு நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வியோடு நான்கு விவரங்கள் சேர்ந்தால்தான் அதற்குப் பதில் உண்டு. எந்த விளையாட்டு, எந்தத் திரை, எவ்வளவு வேகம், எந்த மாதம். கடைசி விவரம் திருச்சியில் மிக முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

விளையாட்டில் நாம் பார்க்கும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக மாறும் தனித்தனிப் படங்களின் வரிசை. சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 6.9. விநாடிக்கு 30 படம் போதும் என்பவருக்கு 33.3. சினிமாவில் படங்கள் எல்லாம் முன்பே தயாராக இருக்கின்றன. எடுத்துக் காட்டினால் போதும். விளையாட்டில் அடுத்த படம் என்ன என்பது உங்கள் விரல் எந்தப் பொத்தானை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. முன்கூட்டியே வரைந்து வைக்க வழியில்லை. 4கே வீடியோவைச் சிரமமின்றி ஓட்டும் அதே கம்ப்யூட்டர் ஒரு சாதாரணக் கார் பந்தயத்தில் மூச்சு வாங்குவது இதனால்தான்.

சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு விநாடியில் 59 படங்கள் தலா 10 மில்லி விநாடியில் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதாவது படம் மட்டும் 410 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது. கூட்டினால் சரியாக ஒரு விநாடி. சராசரி 60 எஃப்பிஎஸ். காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் விளையாடியவர் அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகத் திரை உறைந்து நின்றதைக் கண்டார், அதற்குள் எதிரி சுட்டுவிட்டான். அதனால்தான் பரிசோதனை செய்பவர்கள் சராசரியோடு, மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு படங்களையும் தனியே பார்க்கிறார்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், கேப்ஃப்ரேம்எக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதை வரைபடமாகவே காட்டும். கோடு தட்டையாகப் போனால் நிம்மதி. இடையிடையே ஊசி போல் எழும்பினால், அந்த நேரத்தில் ஏதோ ஒரு பாகம் தாமதமாக வந்திருக்கிறது.

எந்தப் பாகம்? இதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டைக் கற்பனை செய்வோம். களம் ஸ்ரீரங்கம். காவிரிப் பாலத்தில் தொடங்கி, மாம்பழச் சாலை வழியாக, தெற்கே நிற்கும் ராஜகோபுரத்தைக் கடந்து கோயிலுக்குள் போக வேண்டும்.

பாலத்தில் நிற்கும்போது கோபுரம் தொலைவில் தெரிகிறது. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்று, 1987-ல் 13 நிலைகளோடு, 236 அடி உயரத்தில் நிறைவு பெற்ற கோபுரம். ஆனால் இந்தத் தொலைவில் திரையில் அது பிடிக்கும் உயரம் சில பத்துப் புள்ளிகள்தான். அதன் சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரைவது வீண். ஆகவே விளையாட்டை எழுதியவர்கள் கோபுரத்துக்குப் பல வடிவங்களைச் செய்து வைத்திருப்பார்கள். தூரத்துக்குச் சில நூறு முக்கோணங்களால் ஆன எளிய வடிவம், கிட்டே வரவர நுணுக்கம் கூடிய வடிவங்கள், அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது லட்சக்கணக்கான முக்கோணங்கள். கம்ப்யூட்டருக்கு எல்லாப் பொருளுமே முக்கோணங்கள்தான்.

எதை எந்த வடிவத்தில் வரைவது, யார் எங்கே நிற்கிறார், கூட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதுகிறாரா, எதிரி எந்தப் பக்கம் திரும்புவான், எந்தச் சத்தம் எங்கிருந்து கேட்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது ப்ராசஸர். அது முடிவு செய்து கட்டளைகளை அனுப்பிய பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு வேலையைத் தொடங்கும். முக்கோணங்களைத் திரைப் புள்ளிகளாக மாற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் வெளிச்சமும் கணக்கிடுவது அதன் பொறுப்பு. 1080பி திரையில் 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 படம் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிக் கணக்குகள், அதுவும் ஒரு புள்ளியை ஒரே ஒரு முறை தொட்டால். 4கே திரையில் இது சரியாக நான்கு மடங்கு. புள்ளிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் கிராபிக்ஸ் கார்டில் ஆயிரக்கணக்கான சிறிய கணக்கர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். ப்ராசஸரில் கணக்கர்கள் சிலரே. ஆனால் முன்னதன் விடை தெரிந்தால்தான் பின்னதைத் தொடங்க முடியும் என்ற வகைச் சிக்கல்களை ஒவ்வொருவரும் வெகு வேகமாக முடிப்பார்கள்.

இப்போது ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நுழைகிறோம். 953 தூண்கள் என்பது கணக்கு. பெரும்பாலும் ஒரே மாதிரியான கருங்கல் தூண்கள். இதை வரைய நினைவகம் அதிகம் வேண்டாம். ஒரு தூணின் வடிவத்தையும் கல்லின் மேற்பரப்புப் படத்தையும் ஒருமுறை ஏற்றிவிட்டு, 953 இடங்களில் அதையே வரையச் சொல்லலாம். கொஞ்சம் தள்ளியிருக்கும் சேஷராயர் மண்டபத்தில் அந்தச் சலுகை கிடையாது. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைகள், அவற்றின்மேல் வீரர்கள், அடியில் வேட்டைக் காட்சிகள். ஒரு தூண் இன்னொன்றைப் போல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி மேற்பரப்புப் படம் வேண்டும். 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு படம் சுருக்காமல் 64 எம்பி பிடிக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்ற முறையில் சுருக்கினால் 16 எம்பி. தூரத்துக்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் சுமார் 21 எம்பி. நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று ஒரு சிற்பத்துக்கே மூன்று படங்கள் தேவைப்படும். 4 ஜிபி நினைவகம் உள்ள கார்டு இந்த மண்டபத்தில் நிறைந்துவிடக்கூடும்.

நிறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் பழைய கார்டுகளில் வரும் திடீர் நிற்றலுக்கு இது பெரிய காரணம். ஜிடிஎக்ஸ் 1650-ன் முதல் வடிவம் தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 128 ஜிபி எடுக்க முடியும். இடம் போதாமல் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து எடுக்க நேர்ந்தால், பாதையின் வேகம் விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. எட்டில் ஒரு பங்கு. கார்டின் கணக்குத் திறன் அப்படியே இருக்கிறது. சரக்குதான் வந்து சேரவில்லை. இந்த நிலையில் மேற்பரப்புப் படங்களின் தரத்தை மாற்றும் 'டெக்ஸ்ச்சர்' செட்டிங்கை ஒரு படி குறைத்தால் போதும், புதுக் கார்டு வாங்க வேண்டியதில்லை. நிழல் செட்டிங் வேறு கதை. சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எது எதை மறைக்கிறது என்று அறிய, காட்சியை இன்னொரு முறை அங்கிருந்து வரைந்து பார்க்க வேண்டும். 953 தூண்களின் நிழலை 'அல்ட்ரா'விலிருந்து 'மீடிய'த்துக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, கார்டுக்குத் தெரியும். எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைத்தே தீருவேன் என்ற பிடிவாதத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

ப்ராசஸரா, கிராபிக்ஸ் கார்டா, யார் பின்தங்குகிறார் என்பதை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். விளையாட்டில் நெரிசலான ஓரிடத்தில் நின்றுகொண்டு எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். எஃப்பிஎஸ் தாவி ஏறினால் திணறியது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அங்கேயே நின்றால் கார்டு சும்மா காத்திருக்கிறது, தாமதம் ப்ராசஸரிடம். அந்த வீட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய்க் கார்டு வாங்கி வந்தாலும் அது காத்திருக்கத்தான் போகிறது. ப்ராசஸர் பயன்பாடு 30 சதவீதம்தான் காட்டுகிறதே என்று டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். எட்டு த்ரெட்டில் ஒன்று மட்டும் முழு மூச்சில் ஓடி, மற்றவை அதற்காகக் காத்திருந்தாலும் சராசரி குறைவாகத்தான் காட்டும்.

தனிக் கார்டு இல்லாமல், ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை நம்பும் வீடுகள்தான் நம் ஊரில் அதிகம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ரேம் எத்தனை ஜிபி என்பதைவிட, எத்தனை குச்சி என்பது. 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் டிடிஆர்4-3200 வகையில் விநாடிக்கு 25.6 ஜிபி பாயும். இன்னொரு குச்சியைச் சரியான ஸ்லாட்டில் சேர்த்தால் 51.2. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ப்ராசஸரோடு இதையேதான் பங்கு போட்டுக்கொள்கிறது. பாதை இரட்டிப்பானால் அதன் ஓட்டம் கண்கூடாக மாறும். லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டிலும் ஒற்றைக் குச்சியோடு விற்கும் வழக்கம் இருக்கிறது. செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் போட்டால் இந்த இரண்டாவது குச்சிக்கு நிகரான மாற்றம் வேறு இல்லை என்பது என் கருத்து. ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது அடுத்தது. எஃப்பிஎஸ் உயராது, ஆனால் புது இடத்துக்குள் நுழையும்போது வரும் தடங்கல் குறையும். சைபர்பங்க் 2077 விளையாட்டின் தயாரிப்பாளர்கள் 2023-ல் தேவைப் பட்டியலைத் திருத்தியபோது எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாகவே ஆக்கிவிட்டார்கள்.

இந்தத் தேவைப் பட்டியல்களைப் படிக்க ஒரு வழி உண்டு. 'குறைந்தபட்சம்' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பொருள் இல்லை. எந்த ரெசல்யூஷனில், எத்தனை எஃப்பிஎஸ்ஸுக்கு என்று கேளுங்கள். வேலரன்ட் அதை வெளிப்படையாகச் சொல்கிறது: 30 எஃப்பிஎஸ்ஸுக்கு 2012 காலத்து இன்டெல் எச்டி 4000 போதும், 60-க்கு ஜிடி 730, 144-க்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. நேர்மையான பட்டியல். திருச்சியில் பல வீடுகளின் கம்ப்யூட்டர் வேலரன்டுக்கு இப்போதே போதும், சைபர்பங்குக்குப் போதாது. இரண்டும் உண்மை. ஆகவே கடைக்காரரின் "நல்லாவே ஓடும்" என்பதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

கார்டின் விவரப் பட்டியலில் போடும் டெராஃப்ளாப்ஸ் என்ற எண்ணும் இப்படித்தான். தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் இருக்கும் தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தின்கீழ் வந்த அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. கடையில் கிடைக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு சுமார் 15 டெராஃப்ளாப்ஸ். அப்படியானால் 56 கார்டு சேர்ந்தால் ஒரு பரம் பொருளா? இல்லை. சூப்பர் கம்ப்யூட்டரை 64 பிட் துல்லியத்தில் அளப்பது வழக்கம்; வானிலைக் கணக்கிலும் மருந்து மூலக்கூறுக் கணக்கிலும் சின்னப் பிழைகூடப் பெருகி விடையைக் கெடுத்துவிடும். விளையாட்டுக்கு 32 பிட் போதும். ஒரு புள்ளியின் நிறத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையை யார் காணப் போகிறார்கள்? அதே ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 64 பிட்டில் கணக்குப் போடச் சொன்னால் வேகம் 64-ல் ஒரு பங்காக, கால் டெராஃப்ளாப்ஸுக்கும் கீழே விழும். ஒரு வேலைக்குச் சொன்ன எண் இன்னொரு வேலைக்குச் செல்லாது. இரண்டு வேறு தலைமுறைக் கார்டுகளை டெராஃப்ளாப்ஸ் பார்த்து ஒப்பிடுவதும் அதே காரணத்தால் தவறாகப் போகும்.

பரம் பொருளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அதைக் குளிர்விக்கும் முறை. சிப்பின்மேல் நேரடியாகப் பதியும் திரவக் குளிர்விப்பு அது. ஒரே கன அளவில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை ஏந்திக்கொள்ளும் என்பதால் அப்படி. வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காற்றுதான். அதிலும் திருச்சிக் காற்று.

இங்கேதான் மாதம் வருகிறது. ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, நகர்த்துகிறது. அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பை அதனால் ஒருபோதும் கொண்டுவர முடியாது. சிப்பிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகம், சிப்புக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. 65 வாட் செலவழிக்கும் ஒரு ப்ராசஸர். ஒரு வாட்டுக்கு 0.8 டிகிரி வீதம் வெப்பம் ஏறவிடும் கூலர். பெருக்கினால் 52 டிகிரி. அறைக் காற்றுக்கு மேலே அவ்வளவு வித்தியாசம் இருந்தே தீரும். ஜனவரி இரவில் அறை 22 டிகிரி என்றால் சிப் 74-ல் இருக்கும். கத்திரி வெயில் நாளில், வெளியே 40-ஐத் தொடும்போது, அறைக்குள் 38. சிப் 90. கம்ப்யூட்டர் மேசையின் மூடிய மரத்தட்டுக்குள் கேபினட்டைச் செருகியிருந்தால் உள்ளே இன்னும் பத்து டிகிரி கூடும். கூட்டினால் 100. பல இன்டெல் ப்ராசஸர்களுக்கு வரையறுத்திருக்கும் உச்சம் அதுதான்.

அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உயிர் காக்கும் ஏற்பாடு அது, பழுது இல்லை. பொங்கல் விடுமுறையில் ஒரு நண்பன் வந்து சோதித்து "சூப்பரா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போன அதே கம்ப்யூட்டர், மே மாத மதியம் மூன்று மணிக்குப் பத்தாவது நிமிடத்தில் தடுமாறுவது இதனால். வீட்டில் உடனே கார்டு பழசாகிவிட்டது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே சோதனையை மதியத்தில் செய்யுங்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல். முதல் ஐந்து நிமிட எஃப்பிஎஸ்ஸையும் கடைசி ஐந்து நிமிட எஃப்பிஎஸ்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் வெப்பத்தையும் வேகத்தையும் சேர்த்தே பதிவு செய்யும். வெப்பம் ஏறியதும் வேகம் இறங்கினால், மாற்ற வேண்டியது கார்டு இல்லை.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதிப் பழைய வீடுகளில் கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். நீண்டு குறுகிய வீடுகள், இரண்டு பக்கமும் பொதுச் சுவர், காற்று வாசலிலிருந்து கொல்லைக்குத்தான் ஓடும். முற்றம் இருந்தவரை சூடான காற்று மேலே போய்விட்டது. முற்றத்தை மூடி அறையாக்கிய வீடுகளில் நடு அறைக்கு வெளிக்காற்றே கிடையாது. அந்த அறையில் 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரைக் கதவைச் சாத்தி ஓட்டினால், மூன்று நான்கு பேர் அங்கே சேர்ந்து உட்கார்ந்திருப்பதற்குச் சமமான வெப்பம். கேபினட்டை மேசைத் தட்டிலிருந்து வெளியே எடுத்து, காற்று ஓடும் பாதையில், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். ஹீட் சிங்கில் அடைந்த தூசியை ஊதித் தள்ளுங்கள். பல வருடங்கள் ஆன தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றிப் பூசலாம்.

செலவில்லாத இன்னொரு வழி, எஃப்பிஎஸ்ஸுக்கு உச்சவரம்பு வைப்பது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கார்டு 110 படம் வரைந்தாலும் திரை காட்டப்போவது 60 தான். மிச்சம் வெறும் சூடு. சிப்பின் மின்செலவு வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது; இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தாலே செலவு 27 சதவீதம் குறையும். 60-க்கு வரம்பு வைத்தால் கார்டுக்கு முழு வேகம் தேவைப்படாது, தானாகவே இறங்கி ஓடும்.

ஆன்லைன் விளையாட்டில் வரும் தாமதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். திருச்சியிலிருந்து மும்பை சர்வருக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். போய்வர 11 மில்லி விநாடி. கேபிள் நேர்க்கோட்டில் போகாது, இடையில் பல சாதனங்கள், அதனால் உண்மையில் இன்னும் கூடும். எஃப்பிஎஸ் சீராக இருந்து, எதிரி மட்டும் இங்கும் அங்கும் தாவினால் குற்றம் நெட்டில் இருக்கிறது. முதலில் வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு கார்டுதான் வேண்டும் என்று முடிவானால், மின்சாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரண்ட் போன நொடியிலேயே அதுவும் அணைந்துவிடும். அலுவலகங்களிலிருந்து வந்து புதுப்பித்து விற்கப்படும் டெஸ்க்டாப்பை வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் பல, கார்டுக்கென்று தனி மின் இணைப்பு இல்லாத சிறிய எஸ்எம்பிஎஸ்ஸோடு வருபவை. மதர்போர்டு ஸ்லாட் தன்னளவில் தருவது 75 வாட். அதற்குள் ஓடும் கார்டுகள் உண்டு, ஜிடிஎக்ஸ் 1650-ல் சில மாடல்கள் அப்படிப்பட்டவை. ஆனால் பெட்டி ஒல்லியாக இருந்தால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். கடைக்குக் கிளம்பும் முன் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்: எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்பது, ஆறு முள் இணைப்பு இருக்கிறதா என்பது, ஸ்லாட்டுக்கு முன்னால் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்பது. அவற்றைக் கடைக்காரரிடம் காட்டி, அதன் பிறகு விலையைப் பேசுங்கள்.